கழுவாத தட்டு

வீடு,
மழை விட்ட மத்தியானம்.

மகராசிக்கு,

என் வீட்டுக்காரர் உன்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் வேறு பேர் வைத்திருந்தேன், அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். இங்கே நாங்கள் நலம். அங்கே நீ நலமாக இல்லை என்று கேள்விப்பட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இல்லாவிட்டால் ஒரு கப்பலுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிற பைத்தியக்காரி இல்லை நான்.

இதை உனக்குப் படித்துக் காட்டப்போவது, உன் மூளை இருக்கிற தொட்டியைப் பார்த்துக்கொள்கிற தொட்டிக்காரர். தொட்டிக்கார அண்ணா, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதியிருப்பதை எழுதியபடியே படியுங்கள். நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்த வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்தபோது பார்த்தேனே, உங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வர ஒரு சாக்கு போதும். உங்களைப் பற்றியும் இதில் ரெண்டு வார்த்தை வரும். அதையும் விடாமல் படிக்கணும்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் உயிரோடு வீட்டில் இருக்கிறார். இதோ, எனக்கு எதிரே ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொடியில் காயும் துணிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார். அது உன்னால். நீ நல்லா இருக்கணும் தாயே. இதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் அதையே எழுதியிருப்பேன்.

நீ அவருக்கு வாய்த்தது எங்களுக்குக் கல்யாணம் ஆன மறு வருஷம். அதுவரை சாதாரண இயந்திர மூளை வைத்த விண்கப்பல்களைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, இனிமேல் எனக்கு உயிர்க்கப்பல், தொட்டியில் வளர்த்த மூளை, அதன் சுவரில் உள்ளங்கையை வைத்து அதோடு கையைக் கோத்துக்கொண்டு ஓட்டணும், அது எல்லாருக்கும் ஒத்துவராது, எனக்கு ஒத்துவந்துவிட்டது என்று குதித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அதற்கே மூளை இருக்கிறதே, அப்புறம் நீங்கள் எதற்கு என்று கேட்டேன். வழியெல்லாம் அதற்குத் தெரியும், எங்கே பயப்பட வேண்டும் என்று மட்டும் தெரியாது, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் உயிருள்ள ஓட்டுநர் என்றார். அப்படியென்றால் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள், கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவரை என்று சொன்னேன். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் என்னோடு பேசவில்லை.

அப்புறம் ஒவ்வொரு தடவை விடுப்பில் வரும்போதும் ஒரு கூத்து. தூக்கத்தில் வலது கையை நீட்டி உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொள்வார். இந்தப் பக்கம் பெண்டாட்டி என்று ஒருத்தி படுத்திருக்கிறேன், அவருக்குச் சுவர் வேண்டியிருக்கிறது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. அப்போதுதான் உனக்குப் பேர் வைத்தேன், சக்களத்தி என்று. மேலே கப்பல் துறையிலிருந்து அழைப்பு வந்தால், போங்க, உங்க சின்ன வீடு கூப்பிடுது என்பேன். சின்ன வீடு என்று சொல்லவும் வழியில்லை, எங்கள் தெருவைவிட நீ நீளம். என் நாத்தனார் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். அவள் வேறு, அண்ணி, இளையவ நல்லா இருக்காளா என்று கேட்டு வெறுப்பேற்றுவாள். நான் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன்.

அப்படி உன்னை வைத வாய் இது. இப்போது உனக்காக எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறது.

நடந்ததை உன் மூளைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாதான் வந்து எனக்கு விளக்கிச் சொன்னார். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நான் ஒருமுறை சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். திரும்பி வருகிற வழியில் அவர் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இந்த மாதிரி ஓட்டுநர் சாய்ந்துவிட்டால், அவரைக் குளிர்த் தூக்கத்தில் போட்டுவிட்டு, கப்பல் இருக்கிற இடத்திலேயே நின்று உதவிக்குக் கூப்பிட வேண்டும். விதி அப்படி. குளிர்த் தூக்கத்தில் போட்டிருந்தால் ஆள் எழுந்தே இருக்க மாட்டார் என்றார் டாக்டரம்மா. அது உனக்கு எப்படித் தெரிந்தது என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை. கை கோத்திருந்ததால் அவர் உடம்பு உனக்கு உள்ளேயிருந்து தெரிந்திருக்கும் என்கிறார். நீ நிற்கவில்லை. அவரிடம் கற்றுக்கொண்ட பயத்தை வைத்துக்கொண்டு ஓட்டமாக ஓடி வந்திருக்கிறாய்.

அவருக்கு ஊசிக்குழாயில் ஏறுகிற சத்துநீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டதாம். உன் சாப்பாடும் அதே சர்க்கரை, அதே உப்புதானாம். உன் குழாயை அவர் பக்கம் திருப்பிவிட்டாய். உனக்குப் பாதி, அவருக்குப் பாதி. அது பத்தாது என்று தெரிந்ததும் கூடங்களில் விளக்கை அணைத்தாய், சூட்டைக் குறைத்தாய். நீ துறைக்கு வந்து சேர்ந்தபோது உன் தொட்டிக்குள் பார்த்தவர்கள், இவ்வளவு வாடிய மூளை எப்படிக் கப்பலைக் கொண்டுவந்து சேர்த்தது என்று வாயைப் பிளந்தார்களாம். என் வீட்டுக்காரருக்கு நான் கூட அப்படிச் செய்திருப்பேனா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். செய்திருப்பேன். ஆனால் கூடவே நாலு வார்த்தை திட்டியும் இருப்பேன்.

இனி அவர் சமாச்சாரம். வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பிடித்துக்கொண்டால் வாசல்வரை நடக்கிறார். பேச்சு வரவில்லை. ‘ம்’ ஒன்றுதான் வருகிறது. ஆமாம், இல்லை, போடி எல்லாம் அதிலேயே அடக்கம். கேட்டுக் கேட்டு எது எது என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. என்னைத் தெரிகிறது, தங்கையைத் தெரிகிறது, பழைய பாட்டுப் போட்டால் இடது காலால் தாளம் போடுகிறார். இது போதும் எனக்கு. நான் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ மேல்.

ஒன்றுதான் என்னைப் படுத்தி எடுத்தது. சாப்பாடு. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காத மனுஷன். இப்போது எதைக் கொடுத்தாலும் நேர்பாதி சாப்பிடுகிறார், மீதியை இடது கையால் சுவர்ப் பக்கம் தள்ளி வைத்துவிடுகிறார். பசி இல்லையோ என்று குறைத்து வைத்தேன், அதிலும் பாதி. சரி பார்க்கலாம் என்று இரண்டு மடங்கு வைத்தேன், அதிலும் பாதி. ஊட்டிவிட்டால் வாயை இறுக்கிக்கொள்கிறார். அண்ணி, உப்பு சரியா இருக்கான்னு பாருங்க என்று நாத்தனார் என் சமையல்மேலேயே பழியைப் போட்டாள். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. நானும் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், ஒருநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் தொட்டிக்கார அண்ணா, நீங்கள் அவருடைய தலையணை, செருப்பு, சவரப்பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். மகராசி, நீ சாப்பிட மறுக்கிறாய், என்ன வைத்தியம் செய்தும் கேட்கவில்லை, மேலதிகாரிகள் அடுத்த வாரம் பார்வையிட வருகிறார்கள், அதற்குள் நீ சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் தொட்டியின் சூட்டை நிறுத்திவிட்டு, உன் உடம்பில் வேறு மூளையை வளர்க்கப் போகிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். அவரைக் காப்பாற்றிவிட்டு நீ போவதா? அவர் காதில் விழாமல் பேசுங்கள் என்று ஜாடை காட்டினேன். இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் அண்ணா என்று உங்களுக்கும் அவருக்குமாகத் தட்டு வைத்தேன்.

அவர் வழக்கம்போலப் பாதி சாப்பிட்டார். தட்டைச் சுவர்ப் பக்கம் தள்ளினார். தொட்டிக்காரர் கரண்டியைப் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, “தங்கச்சி, அங்க அவளும் இதைத்தான் பண்ணிட்டிருக்கா” என்றார்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கப்பல் வழக்கமே எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் இவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன் சாப்பாட்டைச் சூடு பண்ணுவதும் அவர் சாப்பாட்டைச் சூடு பண்ணுவதும் ஒரே அடுப்பாம். ஒரே நேரத்தில் ரெண்டுக்கும் சூடு பத்தாதாம். அதனால் ஓட்டுநர் முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு, ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் உன் முறை. அவர் உள்ளங்கை வழியாக அவர் வயிறு நிறைந்தது உனக்குத் தெரியும், காதில் ‘ஆச்சு’ விழும், நீ ஆரம்பிப்பாய். அதோடு இன்னொன்றும் உண்டாம். சாப்பிட்ட தட்டை, உன் தொட்டி ஓரத்தில் சாப்பாட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு நாக்குத் தோல் இருக்கிறதாமே, அதில் லேசாகத் துடைத்துவிடுவார்களாம், இன்றைக்கு என்ன சமையல் என்று நீயும் தெரிந்துகொள்ளட்டும் என்று. விதிப்படி அது கூடாது. அதைச் செய்யாத ஓட்டுநரும் கிடையாது. தொட்டிக்கார அண்ணா, இதை டாக்டரம்மாவுக்கு முன்னால் படிக்க நேர்ந்தால் இந்த வரியை முழுங்கிவிடுங்கள்.

நீ துறைக்கு வந்த அன்றைக்கு நடந்ததைக் கேட்டேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க ஆரம்பித்திருந்தாராம். உள்ளே வந்த ஆட்கள் மசித்த சாப்பாட்டை ஒரு தட்டில் போட்டு ஊட்டியிருக்கிறார்கள். பாதி ஊட்டும்போதே ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. கையைப் பிரித்து, ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த அவசரம் இல்லாவிட்டால் எனக்கு இவர் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் பாதித் தட்டு அங்கேயே நின்றுவிட்டது. ‘ஆச்சு’ என்று சொல்ல அவருக்கு வாயில்லை. சொல்ல வேண்டும் என்று வேறு யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் உனக்கு ஏதோ சீக்கு என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நீயோ, அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்று காத்துக்கொண்டிருக்கிறாய்.

இங்கே இவர், நீ பாதியைக் கொடுத்தாய் என்று உனக்குப் பாதி எடுத்து வைக்கிறார். அங்கே நீ, இவர் முடிக்கவில்லை என்று பட்டினி கிடக்கிறாய். நல்ல ஜோடி. நடுவில் நான் ஒருத்தி, இருக்கிறேனா செத்தேனா என்று கேட்க நாதியில்லை.

அன்றைக்கே முயற்சியை ஆரம்பித்துவிட்டோம். ‘ஆச்சு’ என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்க, ஒலிப்பதிவு பண்ணி அனுப்பலாம் என்று அவரிடம் கேட்டேன். முகமெல்லாம் சிவக்க முயன்றார், ‘ம்’தான் வந்தது. அதற்கு மேல் அவரைப் படுத்த எனக்கு மனசில்லை. நாத்தனார் பழைய பதிவு ஒன்றைத் தேடி எடுத்தாள், அவள் பிறந்தநாளுக்கு அவர் பேசியது, அதில் எங்கேயோ ஒரு ‘ஆச்சு’ இருந்தது. அதைத் தொட்டிக்காரர் உன்னிடம் போட்டுக் காட்டினார். நீ அசையவில்லையாம். உன்னை ஏமாற்ற முடியுமா? அவருக்குப் பதிலாக ஓட்டுநராக வந்து, உன்னோடு கை கோக்க ஒத்துவந்திருக்கிற ஒரு புதுப் பெண், உன் முன்னால் உட்கார்ந்து தன் சாப்பாட்டைச் சாப்பிட்டு, தானே ‘ஆச்சு’ சொல்லிப் பார்த்தாளாம். அதற்கும் நீ மசியவில்லை. யார் தட்டுக்குக் காத்திருக்கிறோம் என்று உனக்குத் தெரியும். பாவம், அது நல்ல பெண் என்கிறார் அண்ணா. தினமும் உன் பக்கத்தில் உட்கார்ந்து, ‘தயவுசெய்து உணவை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே சொல்கிறாளாம். அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டுப் பூனைகூடச் சாப்பிடாது. போகப் போகக் கற்றுக்கொள்வாள்.

அவரையே கூட்டிக்கொண்டு வரலாமா என்றும் கேட்டுவிட்டேன். மேல் துறைக்கு ஏறுகிற வேகத்தை அவர் தலை தாங்காது, இன்னொரு தடவை கை கோத்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார்.

பாக்கி இருந்தது தட்டுதான். அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று உன் நிலைமையை அப்படியே சொன்னேன். நீங்க பாதி வைக்கிறதால அவளுக்கு ஒண்ணும் போய்ச் சேரலை, நீங்க முழுசா முடிச்சாத்தான் அவ வாயைத் திறப்பா என்றேன். அப்புறம் சுவர்ப் பக்கம் தள்ளியிருந்த தட்டை இழுத்தார். சாப்பிட்டார் பாரு ஒரு சாப்பாடு, ஊருக்குத் திரும்பிய அன்றையிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை. கடைசியில் இடது கை விரலால் தட்டை வழித்து நக்கினார். சட்டையெல்லாம் பருப்பு. நான் துடைக்கவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இங்கே என்னைப் பற்றி உனக்கு ஒன்று தெரிய வேண்டும். நான் ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, வேகவைத்து, உறையில் போட்டு அனுப்புகிற பிரிவில் வேலை பார்க்கிறேன். அழுக்கு என்றால் எனக்கு ஆகவே ஆகாது. விருந்தாளி கழுவி வைத்த தம்ளரை அவர்கள் போனதும் மறுபடி கழுவுகிறவள். அப்படிப்பட்டவள் அந்த எச்சில் தட்டைக் கழுவாமல் உறையில் போட்டு, ஒட்டி, உனக்கு அனுப்பினேன். என்ன ஆச்சு தெரியுமா? துறை வாசலில் சோதனை செய்கிற பெண் அதைப் பளபளவென்று கழுவி, துடைத்து, உள்ளே அனுப்பிவிட்டாளாம். அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தி இருக்கிறாள். கோபப்படவும் முடியவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதனால் இப்போது வருவது இரண்டாவது தட்டு. டாக்டரம்மாவிடம் போய் நின்று, கழுவக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டேன். கிருமி போகும் என்று முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காகத் துடைத்த தட்டில் வராத கிருமியா என்று வாய்வரை வந்தது, அண்ணாவின் வேலை போய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன். கடைசியில் அவரே, வேறு வழியும் இல்லை, கொண்டு போங்கள் என்றார். அந்த அம்மாவுக்கும் உன்மேல் பிரியம்தான். தட்டின் மேல் உறையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வாசல் பெண்ணிடம் நானே பேசிவிட்டேன்.

தொட்டிக்கார அண்ணா, படிப்பதை இங்கே நிறுத்திவிட்டு உறையைப் பிரியுங்கள். தட்டை அந்த நாக்குத் தோலில் துடையுங்கள். அவர் விரல் வழித்த தடம் தெரிகிறதல்லவா, அந்தப் பக்கமாகத் துடையுங்கள். அப்புறம் மீதியைப் படியுங்கள்.

மகராசி, பார்த்தாயா? ஒரு பருக்கை இல்லை. மசித்த சோறு, பருப்பு, கொஞ்சம் நெய். உப்பு சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கு மத்தியானம் மழை விட்ட நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டார். அவருக்கு வாய் வரவில்லை, அதனால் அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன். ஆச்சு. அவர் சாப்பிட்டாச்சு. உன் முறை.

நீ எனக்குத் திருப்பிக் கொடுத்த ஆளை நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். நீ சாப்பிடு. உன் காலில் விழச் சொன்னாலும் விழுவேன், உனக்குக் கால்தான் இல்லை. சாப்பிடு தாயே.

இப்படிக்கு,
மூத்தவள்.


வீடு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புத் தங்கைக்கு,

இனிமேல் அந்தப் பழைய பேர் வேண்டாம் என்று நாத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

நீ சாப்பிட்ட செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். கையில் உறை, முகத்தில் உறை, போனை எடுக்க முடியாது. மேற்பார்வை செய்கிற அம்மா அதை என் காதோரம் பிடித்துக்கொண்டார். தொட்டிக்காரர் அந்தப் பக்கத்தில் வார்த்தை வராமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார், அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வந்த மேலதிகாரிகள் உன் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, சூட்டை நிறுத்த வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். டாக்டரம்மாவுக்கும், வாசல் பெண்ணுக்கும், உனக்கு முன்னால் நிற்கிற எல்லாருக்கும் என் கும்பிடு. யாருக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறேன், தெரியவில்லை.

ஆனால் நீ பாதிதான் சாப்பிடுகிறாய் என்று அப்புறம் சொன்னார்கள். பாதியோடு நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிறாயாம். இவர் இங்கே ஒழுங்காக முழுத் தட்டும் முடிக்கிறார், தினமும் தட்டு வருகிறது, இன்னும் என்ன என்று ஒன்றும் ஓடவில்லை.

நேற்று அந்தப் புதுப் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கொஞ்சம் தெம்பு வந்ததும் முதல் தடவையாக உன்னோடு கை கோத்துப் பார்த்தாளாம். நீ விட்டாயாம். அதற்கே உனக்கு நன்றி சொல்லணும், சின்னப் பெண், ரொம்பப் பயந்திருந்தாள். மீதியை ஏன் சாப்பிடவில்லை என்று அவள் மனசுக்குள் கேட்டிருக்கிறாள். அதற்கு நீ ஒரு காட்சியைக் காட்டினாயாம். ஒரு சமையலறை. அடுப்புக்கு முன்னால் ஒரு பொம்பளை தோளில் துண்டோடு நிற்கிறாள். நின்றபடியே, அடிப்பாத்திரத்தில் மிஞ்சியதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறாள். யாரோ கூப்பிடுகிறார்கள், பாதியில் வைத்துவிட்டு ஓடுகிறாள். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதே காட்சியாம்.

அந்தப் பெண் எழுதியிருந்தாள்: “அக்கா, அது நீங்கதானா? அவரு ஒவ்வொரு வேளையும் முதல் வாய் எடுக்கிறதுக்கு முன்னாடி உங்களைத்தான் நினைச்சிருக்காரு. நீங்க சாப்பிட்டீங்களான்னு தெரியாம இவ மீதியைத் தொட மாட்டேங்கிறா.”

அதை நான் நாலு தடவை படித்தேன். போன் பண்ணினால் ‘ம், சொல்லு’ என்பதற்கு மேல் பேசாத மனுஷன். சாப்பிட்டியா என்று என்னை ஒரு நாள் கேட்டதில்லை. கேட்பதையெல்லாம் அங்கே உட்கார்ந்து மனசுக்குள்ளேயே கேட்டிருக்கிறார். நீ அதையும் சாப்பாட்டில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டுவிட்டாய். இத்தனை வருஷம் உன்மேல் பொறாமைப்பட்டேனே, நீ மட்டும் ஒரு வேளை விடாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். நான் உட்கார்ந்து அழுதேன். மறைக்கவில்லை, அவர் முன்னாலேயே அழுதேன்.

கடிதத்தை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இது நிஜமா என்று கேட்டேன். ‘ம்’ என்றார். எனக்குத் தெரிந்த எந்த ‘ம்’மும் இல்லை அது. அப்புறம் இடது கையால் பக்கத்து நாற்காலியை இழுக்கப் பார்த்தார். கால் இடறியது, நான் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். மெதுவாக, சத்தம் போட்டுத் தரையைக் கீறிக்கொண்டு இழுத்து, தனக்கு எதிரில் போட்டார். உட்காரு என்று ஜாடை காட்டினார்.

உட்கார்ந்தேன். அடுப்பில் பால் பொங்கியது, எழுந்திருக்க விடவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டு அடுப்பை அணைக்கச் சொன்னேன். அவள்தான் எனக்குப் பரிமாறினாள். அவர் எதிரில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு வாயும் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டில் நான் உட்கார்ந்து நிதானமாக, சூடாக, முழுசாகச் சாப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

தொட்டிக்கார அண்ணா, இந்தத் தடவை உறையில் ரெண்டு தட்டு இருக்கும். மேலே இருப்பது அவருடையது. அடியில் இருப்பது என்னுடையது. அதையும் நான் கழுவவில்லை.

தங்கச்சி, அந்தப் பெண்ணுக்கு நீதான் வழி காட்டணும், எங்கே பயப்படணும் என்று இனி உனக்கும் தெரியும். புறப்படுகிற வரைக்கும் தினமும் தட்டு வரும். அப்புறம் அவள் தட்டைப் பார்த்துக்கொள். ஒவ்வொரு வேளையும் இங்கே அவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் நானும் உட்கார்ந்து சாப்பிடுவேன், நாத்தனார் காவல். நம்பு.

அவர் சாப்பிட்டாச்சு. நானும் சாப்பிட்டாச்சு. நீ மிச்சம் வைக்காதே.

இப்படிக்கு,
உன் மூத்தவள்.